சக்களத்திக்கு மருந்து விட்ட நாள்

என் கணவர் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு சிவப்புக் காரை வாங்கிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டே இரண்டு இருக்கை, துணியில் கூரை, இருபது வருடம் ஓடிக் களைத்த ஜப்பான் கார். அதில் ஏறுவதென்றால் முதலில் குனியவேண்டும், பிறகு விழவேண்டும். இறங்குவதென்றால் யாராவது கை கொடுத்துத் தூக்கவேண்டும். இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவிலுள்ளவர்கள் எல்லாம் ஏழு பேர் ஏறுகிற வான் வைத்திருக்க, ஓர் அரிசி மூட்டை வைக்க இடமில்லாத வாகனம் இந்த மனுசனுக்கு எதற்கு என்று மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் வாய் திறந்தபோதும், “என்ர சக்களத்திக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?” என்றுதான் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் காருக்குப் பெயர் சக்களத்தி.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடியில் இருந்தோம். ஒருநாள் பல்கனியில் நின்றவர் என்னைக் கூப்பிட்டு, கீழே நின்ற ஒரு சிவப்புக் காரைக் காட்டி, “உப்பிடி ஒண்டு வாங்கவேணும்” என்றார். அப்போது அவரிடம் பனிக்குப் போடச் சப்பாத்துக்கூட இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இருபத்தைந்து வருடமாக அந்தச் சிரிப்பை மனதில் வைத்திருந்திருக்கிறார் என்பது கார் வாசலுக்கு வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்பு பழைய கார்களைத் தின்றுவிடும். அதனால் ஒக்ரோபர் கடைசியில் சக்களத்தி வீட்டோடு ஒட்டிய கராச்சுக்குள் போய்ப் படுத்தால் ஏப்ரலில்தான் எழும்புவாள். படுக்கப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் வருடம் அது எங்களுக்குத் தெரியாது. என் கணவர் அந்த வருடம் செய்த வேலையை எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு எவரும் செய்திருக்கமாட்டார்கள்.

பெற்றோல் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர் அவர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, அதைக் கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோலைச் சின்ன மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆள். அப்படிப்பட்டவருக்கு நாற்பது லீற்றர் பெற்றோல் ஓடாத காருக்குள் ஐந்து மாதம் சும்மா கிடக்கப்போகிறது என்றால் எப்படி நித்திரை வரும்? ஒரு குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, கடைசிச் சொட்டுவரை இழுத்து என் வானுக்குள் ஊற்றினார். அன்று முழுக்க ஏப்பம் விட்டால் பெற்றோல் மணத்தது. அடுத்த ஏப்ரலில் கார் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது.

கார் திருத்துகிற கராச் வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “வெறும் டேங்குக்குள்ள காத்துத்தானே இருக்கும்? காத்துக்குள்ள ஈரம் இருக்கும். அது குளிர்ல தண்ணியாகி உள்ளுக்கே நிண்டிட்டு. விளிம்பு மட்டும் நிரப்பி வைங்க, காத்துக்கு இடம் குடுக்காதீங்க” என்றார். பெற்றோலும் மாதக்கணக்கில் கிடந்தால் பழுதாகும் என்றும், பழுதாகாமல் இருக்க அதற்குள் விடுவதற்கு ஒரு திரவம் இருக்கிறது என்றும் சொன்னார். அதற்குப் போத்தலில் ஏதோ நீட்டுப் பெயர் எழுதியிருக்கும். என் கணவர் அதை மருந்து என்றே சொல்வார்.

பிறகு ஒவ்வொரு வருடமும் அது ஒரு சடங்காகிவிட்டது. முதலில் மருந்தை அளந்து தாங்கிக்குள் விடுவார். பிறகு சந்தியில் இருக்கிற காஸ் ஸ்ரேசனில் கழுத்துவரை நிரப்புவார்; இங்கே பெற்றோலுக்குக் காஸ் என்றுதான் பெயர். கராச்சின் பெரிய கதவை முழுக்கத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடுவார். தாங்கியில் மட்டும் மருந்து நின்றால் போதாதாம். குழாய்களுக்குள்ளும், இயந்திரத்துக்குப் பெற்றோல் பீச்சுகிற மூக்குகளுக்குள்ளும் அது போய்ச் சேரவேண்டுமாம். அந்தப் பத்து நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் போல நிற்பார். நான் சமையலறையிலிருந்து, “பிள்ளை பிறந்திட்டுதோ?” என்று கேட்பேன்.

போன வருடம் ஓகஸ்டில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை அவருடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. பொறுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். சின்னப் பக்கவாதம்தான், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேச்சு இரண்டு கிழமையில் திரும்பியது. கை மெல்ல மெல்ல வந்தது. இடது கால் மட்டும் வர மறுத்தது. பொல்லை ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். அந்தக் கால் அவருக்குப் பின்னால் வேண்டா வெறுப்பாக வந்தது.

நான் ஓட்டுகிற வான் ஓட்டோமற்றிக். அதற்கு வலது கால் போதும். சக்களத்திக்கு இரண்டு காலும் வேண்டும். கியர் மாற்றுவதற்கும் கிளச்சை அமத்தவேண்டும், இயந்திரத்தைக் கிளப்புவதற்கும் கிளச்சை அடிவரை அமத்தவேண்டும். அது இடது காலின் வேலை. அந்தக் கால் திரும்பாவிட்டால் அவர் அந்தக் காரை இனி ஓட்டப்போவதில்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

காலுக்குத் தெறப்பி பழக்க வந்த பெண் ஒரு ரப்பர் பட்டியைத் தந்து, காலில் மாட்டி நாளுக்கு மூன்று தரம் உதைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பட்டி கதிரைக் கைப்பிடியில் தொங்கியது. நான் கெஞ்சினேன், ஏசினேன், சாப்பாடு போடமாட்டேன் என்று வெருட்டினேன். “செய்யிறன், செய்யிறன்” என்பார். செய்யமாட்டார். முன்பெல்லாம் நான் ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திருப்பிச் சொல்கிற மனுசன். அவர் கோபப்படாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஒக்ரோபர் முடியப்போன நேரம், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “உந்தக் காரை வித்துவிடுவம்” என்றார்.

எட்டு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம். கேட்டதும், கழுவிக்கொண்டிருந்த சட்டியோடு என் கை நின்றுவிட்டது. இனி ஏப்ரல் தனக்கில்லை என்று அவர் முடிவெடுத்துவிட்டார், அதைத்தான் காரின் பெயரில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். இங்கே பிறந்த பிள்ளை. “குட் ஐடியா அம்மா. ஜஸ்ட் செல் இற். அப்பாக்கு உது வீண் ஸ்ரெஸ்” என்றாள். அவளே படம் போட்டு விளம்பரமும் போட்டுவிட்டாள். ரெக்ஸ்டேலில் இருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர், கணினி வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை வெங்காயம் எடுக்கக் கராச்சுக்குள் போனேன். சுவர்த்தட்டில் மருந்துப் போத்தல் இருந்தது. ஜூலையில் மலிவு விற்பனையில் அவரே வாங்கி வைத்தது. உடைக்காமல் இருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு கடதாசித் துண்டு: ‘இந்த முறை பிந்தாமல் விடவேணும்.’ எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜூலையில் இவ்வளவு ஆசையாக எழுதி வைத்த ஆள், நவம்பர் வரமுன் கதிரையில் சுருண்டு கிடப்பதா? நீங்கள் விடாவிட்டால் போங்கள், நான் விடுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். சக்களத்திதான் கேட்டாள்.

பனிக்கால ரயர்களுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கான் இருந்தது. அந்தக் கானுக்குள் எந்த நேரமும் பெற்றோல் இருக்கும். வீட்டில் ஒரு கான் பெற்றோல் இல்லாவிட்டால் இந்த மனுசனுக்கு மனம் ஆறாது. எதற்கு என்று கேட்டால், “கிடக்கட்டும், ஒரு அவசரத்துக்கு” என்பார். கனடாவில் பெற்றோலுக்கு என்ன அவசரம் வரப்போகிறது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் கானைப் பார்த்ததும் கடைக்குப் போகிற வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். பழுதாவது காருக்குள் கிடக்கிற பெற்றோல்தான் என்று நினைத்தேன். கானுக்குள் மூடி வைத்த பெற்றோலென்ன அரிசியா, வண்டு பிடிக்க? மூடியைத் திறந்து, புனலை வைத்து, கான் முழுவதையும் சக்களத்தியின் வாய்க்குள் ஊற்றினேன். மணம் கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருந்தது, பழைய பெயின்ற் வாளியைத் திறந்த மாதிரி.

சமையலறைக் கதவு திறந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு பொல்லு நிலத்தில் குத்துகிற சத்தம், பிறகு காலை இழுக்கிற சத்தம். அவ்வளவு வேகமாக அவர் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

“என்ன விட்டனீர்? எதுக்குள்ள இருந்து விட்டனீர்?”

கானைக் காட்டினேன். அவர் சுவரைப் பிடித்தபடி குனிந்து மணந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“விசரே உமக்கு! உது நாலு வருசத்துக் காஸ்! ஊறிப் பிசினாப் போயிருக்கும். என்னைக் கேட்டிருக்கக் கூடாதோ? ஒரு வாய்ச்சொல் கேட்டிருக்கக் கூடாதோ?”

“நாலு வருசத்துக் காஸை வீட்டில வச்சிருந்தது நானோ நீங்களோ?”

“வச்சிருந்தால்? வச்சிருந்தால் எடுத்து ஊத்துறதோ?”

கராச் அதிரக் கத்தினார். திறந்திருந்த பெரிய கதவுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெண் நாயைப் பிடித்தபடி நின்று எங்களைப் பார்த்தாள். அவளுக்குக் கை காட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். ஏசுங்கள், இன்னும் ஏசுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முகத்தை மட்டும் உம்மென்று வைத்திருந்தேன்.

“உங்களுக்கென்ன, விக்கப்போறீங்கள்தானே. வாங்கிற பிள்ளை பாத்துக்கொள்ளும்” என்றேன்.

அவர் சத்தம் அடங்கியது. “அந்தப் பிள்ளை ஆசைப்பட்டு வருகுது. பழுதான காஸோட குடுக்கேலாது. முழுக்க இழுக்கவேணும்” என்றார்.

வாயால் உறிஞ்சிய வருடத்துக்குப் பிறகு அவர் ஒரு கைப்பம்பி வாங்கி வைத்திருந்தார். மெல்லிய குழாயைத் தாங்கிக்குள் இறக்கினோம். அவர் ஒரு கவிழ்த்த வாளியில் இருந்து குழாயைப் பிடித்தார். நான் பம்பியை அமத்தினேன். “மெல்ல. மெல்ல. இப்ப நிப்பாட்டும். பம்பியைக் கொஞ்சம் சரியும்.” ஒரு மணித்தியாலம் அவருடைய குரல் ஓயவில்லை. வந்த பெற்றோல் தேயிலைச் சாயம் போல இருந்தது. இதை நகரசபையின் கழிவு எடுக்கிற இடத்தில்தான் கொடுக்கவேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பெற்றோலை எறிவது அவரால் ஆகாத காரியம். நான்தான் வானில் ஏற்றினேன்.

“ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பாக்கிறதுக்கு அஞ்சு லீற்றர் போதும்” என்றார்.

நான் தலையாட்டிவிட்டுப் போனேன். பழையதைக் கொடுத்துவிட்டு, இரண்டு பெரிய கான் புதிதாக வாங்கி, காஸ் ஸ்ரேசனில் இரண்டையும் விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்தேன். நாற்பது லீற்றர். கராச்சுக்குள் அவற்றைத் தூக்கி வைத்தபோது அவர் கான்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓடிப் பார்ப்பதற்கு யாரும் கழுத்துவரை நிரப்புவதில்லை. நிரப்பினால் அது ஏப்ரலுக்குத்தான். அதைச் சொல்லித் தந்தவரே அவர். எங்கே மறுபடி வாயை மூடிக்கொண்டு கதிரைக்குப் போய்விடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். தட்டிலிருந்த போத்தலை எடுத்து, எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

“மருந்தை முதல் விடவேணும். பிறகுதான் காஸ். அப்பதான் கலக்கும்” என்றார்.

எல்லாம் விட்டு முடிந்தது. இனிப் பத்து நிமிடம் ஓடவிடவேண்டும். எனக்கு அந்தக் காரைக் கிளப்பத் தெரியாது. அவர் பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, விழுந்து, சாரதி இருக்கையில் இருந்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். கியரை ஆட்டிப் பார்த்தார். கிளச்சை அமத்தினார். அது கிறீச் என்று பாதி வழி போய் நின்றது. சாவியைத் திருப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம். மூன்றாம் தரம் நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. காலை எடுத்துவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“ஏலாதப்பா” என்றார். “நான் பயந்திட்டன். இந்தக் கால் என்ர கால் மாதிரியே இல்லை.”

ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் கதவுப் பக்கம் சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்றேன். அவருடைய இடது சப்பாத்தின்மேல் என் இரண்டு கையையும் வைத்தேன். “நீங்கள் அமத்துங்கோ. நானும் அமத்துறன்” என்றேன். அவர் அமத்தினார். நான் என் முழுப் பாரத்தையும் போட்டேன். கிறீச் என்ற சத்தம் நீண்டுகொண்டே போய் அடியில் முட்டியது. சாவி திரும்பியது. சக்களத்தி உறுமிக்கொண்டு எழும்பினாள்.

பத்து நிமிடமும் நான் அந்த நிலத்திலேயே இருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் தலையில் கையை வைத்தபடி இருந்தார். நான் அழுதேன், அவரும் அழுதார். இயந்திரச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கேட்கவில்லை, அது வசதியாக இருந்தது. கடைசியில் நான்தான் மணியைப் பார்த்து, “பிள்ளை பிறந்திட்டுது, நிப்பாட்டுங்கோ” என்றேன்.

சனிக்கிழமை ரெக்ஸ்டேல் பிள்ளை தொலைபேசி எடுத்தார். என் கணவர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நாளைக்கு பத்து மணிக்கு வரட்டுமா?”

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. நான் காஸ் நிரப்பிப்போட்டன்.”

“பரவாயில்ல சார். அதுக்கும் சேத்தே குடுத்துடறேன்.”

“இல்லைத் தம்பி. மருந்தும் விட்டாச்சு.”

நல்ல பிள்ளை, “சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மகளுக்கும் விளங்கவில்லை. “வட் மெடிசின்?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. ரப்பர் பட்டி அப்போதும் கதிரையிலேயே தொங்கியது. நான் ஏசுவதை விட்டுவிட்டேன். டிசம்பரில் ஒரு பின்னேரம் அவர் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, “பற்றரியைப் பாத்திட்டு வாறன்” என்று கராச்சுக்குப் போனார். கால் மணித்தியாலம் கழித்து வந்தார். அடுத்த நாளும் பற்றரி பார்த்தார். அதற்கு அடுத்த நாளும். பற்றரியை நவம்பரிலேயே கழற்றி நிலக்கீழ் அறையில் வைத்தது எனக்குத் தெரியாதா? சமையலறைச் சுவரோடு காதை வைத்துக் கேட்டேன். கிறீச். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கிறீச். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு எண்ணினேன். அன்று ஆறு. தை முடியுமுன் முப்பது தாண்டியது. ஒருநாளும் நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வந்தவுடன் தேத்தண்ணியை மட்டும் சூடாக நீட்டினேன்.

ஏப்ரலில் இரண்டு நாள் மழை பெய்து வீதியிலிருந்த உப்பைக் கழுவியது. வெளியே ஓட்டுவதற்கு டொக்டரின் கடிதம் இன்னும் வரவில்லை. எழுப்பிப் பார்ப்பதற்குக் கடிதம் தேவையில்லை என்று சொல்லிப் பற்றரியை மாட்டுவித்தார். கராச் கதவை முழுக்கத் திறந்தேன். அவர் சாரதி இருக்கையில் விழுந்தார். இடது காலை ஒரு கையால்தான் தூக்கி வைத்தார். நான் பழைய துவாய் ஒன்றை மடித்து நிலத்தில் போட்டு முழங்காலில் நின்றேன், சப்பாத்தின்மேல் கையை வைத்தேன்.

“என்ன செய்யிறீர்?”

“அமத்த வேண்டாமோ?”

“எழும்பும்” என்றார். “சீமெந்து குளிரும். எழும்புமப்பா.”

கையை எடுத்தேன். எழும்பவில்லை. சப்பாத்து நடுங்கியது. கிறீச் என்ற சத்தம் தொடங்கியது, பாதி வழிக்கு வந்தது, அங்கே நிற்கவில்லை. அடியில் முட்டியது. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில், ஒரு இருமலும் இல்லாமல், சக்களத்தி எழும்பினாள்.

எழும்ப ஏலாமல் இருந்தது நான்தான். முழங்கால் மடங்கிப்போய்க் கிடந்தது, கண்ணும் தெரியவில்லை. அவர் கதவுக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டார். தேத்தண்ணிக் கோப்பை விழுந்த அதே இடது கை.